ஐசே, நீர் மறைக்கிறீர்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாணம் கட்டியவர்கள், பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு செய்தவர்கள் யாராவது பழைய வீடியோ கசெட்டை இன்னும் வைத்திருந்தால், அதைப் போட்டுக் கவனமாகக் கேட்கட்டும். மேளம் உச்சத்தில் அடிக்கும், ஐயர் கையைக் காட்டுவார், மாப்பிள்ளை தாலியைத் தூக்குவார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆண்குரல் குறுக்கே வரும்: "ஐசே, நீர் மறைக்கிறீர்."

அந்தக் குரல் என்னுடைய கணவரின் குரல். மறைத்தவர் அவருடைய சிநேகிதர். இருவரும் கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் வீடியோ. இவர் கமரா பிடிப்பார், சிநேகிதர் லைட் பிடிப்பார். லைட் பிடிக்கிறவர் சடங்கைப் பார்க்கிற ஆசையில் மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து, கடைசியில் மாப்பிள்ளைக்கும் கமராவுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இவர் கத்துவார். கத்தியது கசெட்டில் ஏறிவிடும். பெண் வீட்டார் தொலைபேசி எடுத்து, "தாலி கட்டேக்க உது என்ன சத்தம்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் என்ன சொல்வது? அந்தச் சத்தம் இல்லாமல் அந்த இருவரும் ஒரு வேலையும் செய்ததில்லை.

இனி 'இவர்' என்றால் என் கணவர், 'அண்ணை' என்றால் அந்தச் சிநேகிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணை எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. ஆனால் கூடப் பிறந்தவர்கள் எவரும் என் வீட்டுச் சமையலறையில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

'ஐசே' என்பது வெள்ளைக்காரனின் 'ஐ சே' (I say), எங்கள் வாயில் சிநேகிதனைக் கூப்பிடுகிற சொல்லாகிவிட்டது. 'நீர்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் மூன்று படி உண்டு. சின்னவர்களுக்கும் சண்டைக்கும் 'நீ'. பெரியவர்களுக்கும் அந்நியர்களுக்கும் 'நீங்கள்'. நடுவில் 'நீர்'. தமிழ்நாட்டு ஆட்களுக்கு அது ராசா மந்திரி நாடகம் போலக் கேட்குமாம். எங்களுக்கு அது புருசன் பெண்சாதியைக் கூப்பிடுகிற சொல், வளர்ந்த ஆண்கள் தங்களுக்குச் சமமான, மனதுக்குப் பிடித்த ஆளைக் கூப்பிடுகிற சொல். மரியாதையும் இருக்கும், உரிமையும் இருக்கும். இவர் ரொறன்ரோவில் இரண்டு பேரைத்தான் 'நீர்' என்று கூப்பிட்டார். ஒன்று நான், மற்றது அண்ணை. எந்த 'நீர்' பெரிய 'நீர்' என்று எனக்குச் சில நாட்களில் சந்தேகமாகவே இருக்கும். சிலருக்கு மாமியார் கொடுமை. எனக்கு வாய்த்தது சிநேகிதர் கொடுமை.

நான் கனடாவுக்கு வந்ததே பிரெஞ்சுப் படத்தால் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன் சில வருடங்கள் பாரிஸில் தமையனோடு இருந்தேன். அங்கே ஒரு சின்னத் தியேட்டரில் துப்பரவு வேலை. கலியாணம் பேசியபோது இவர் ரொறன்ரோவிலிருந்து முதல்தரம் தொலைபேசி எடுத்தார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "எந்தத் தியேட்டர்?" என்றார். பெயரைச் சொன்னேன். அவர் ரிசீவரைப் பொத்தாமலே பக்கத்தில் இருந்த யாருக்கோ கத்தினார்: "ஐசே, அங்கதானாம்!" கட்டப்போகிறவளோடு முதல்தரம் பேசுகிற நேரத்தில் பக்கத்தில் ஆள் வைத்திருக்கிற மனுசனை என்னவென்று நினைப்பது? ஆனாலும் ஓம் என்று சொன்னேன். அந்தச் சந்தோசம் எனக்குப் பிடித்திருந்தது.

இருவரும் யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் ஒரு திரைப்பட வட்டத்துக்குப் போய்வந்தவர்கள். யாரோ கொண்டுவருகிற புரொஜெக்டர், யாருடையதோ வெள்ளைக் கட்டில் விரிப்பு, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து. அங்கேதான் இரண்டு பிரெஞ்சு இயக்குநர்களின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். நான் துப்பரவு செய்த தியேட்டரில்தான் அந்தப் படங்கள் முதலில் ஓடினவாம். அந்த இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள், ஒன்றாகவே படம் எடுக்கத் தொடங்கியவர்கள். அவர்களின் பெயர்களை எங்கள் வீட்டில் சாமி பெயர் போலச் சொல்வார்கள். எனக்கு எரிச்சல். ஒருவர் கட்டை, ஒருவர் நெடுவல். நான் குட்டையர், நெட்டையர் என்று பெயர் வைத்தேன். முதலில் கோபித்தார்கள், பிறகு அவர்களுக்கும் அந்தப் பெயர்களே வாயில் வந்தன.

"நீர் பெரிய படமெல்லாம் பாத்திருப்பீர்" என்று இவர் கேட்பார். நான் எங்கே பார்த்தேன்? படம் முடிகிற நேரம் தும்புத்தடியோடு பின்கதவால் உள்ளே போவேன். கடைசி ஐந்து பத்து நிமிடம் ஓரத்தில் நின்று பார்ப்பேன். பிறகு விளக்குப் போடுவார்கள், நான் சீட்டுகளுக்கு அடியில் குனிவேன். எனக்குப் பிரெஞ்சுப் படங்களின் முடிவு மட்டும்தான் தெரியும்.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற் மேசையில் றொட்டியும் சம்பலும் ஆறிக்கொண்டிருக்க இவர்கள் சண்டை பிடிப்பார்கள். இவர் குட்டையரின் ஆள். படம் என்றால் பார்க்கிற சனத்துக்கு அடுத்த நாளும் உயிரோடு இருக்க ஒரு மனம் வரவேண்டும் என்பது குட்டையரின் கட்சி. அண்ணை நெட்டையரின் ஆள். எதையாவது மறைத்தால் அது படமே இல்லை, மிட்டாய்க் கடை என்பது நெட்டையரின் கட்சி. சண்டை ஏற ஏற 'ஐசே'யும் 'நீரு'ம் கூடும். "நீர் விசர்க்கதை கதைக்கிறீர்." "நீர்தான் ஐசே கண்ணைப் பொத்திக்கொண்டு நிக்கிறீர்." இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெரியும், என்னை ஒருவரும் கேட்பதில்லை.

பிறகு, ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி றோட்டில் நடந்த வருடம் வந்தது. இங்கே எங்கள் ஆட்கள் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். தாய் தகப்பன் எந்தக் கோயில் மண்டபத்தில் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் மெசினுக்கு முன்னால் நிற்கிறது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த மாரிகாலத்தில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு பேஸ்மென்றில் தனியாக இருந்த ஓர் இளந்தாரி தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். இருபத்துச் சொச்சம் வயது. எங்களோடு கலியாண வீடுகளில் கதிரை அடுக்க வந்த பொடியன். தாய் தகப்பன் எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தார்கள். இங்கேயுள்ள சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, நெஞ்சுவலி என்று அவர்களுக்கு அறிவித்தார்கள். தாய் கேட்டது ஒன்றுதான்: பிள்ளையின் முகத்தை வீடியோவில் எடுத்து அனுப்புங்கள்.

இவர்கள் இரண்டு பேரும்தான் எடுத்தார்கள். பியூனரல் ஹோமில் பார்வைக்கு வைத்திருந்தபோது, அவனுடைய பெரியம்மாவின் மகள் பெட்டியில் விழுந்து குழறினாள்: "ஏன்ரா தம்பி இப்பிடிச் செய்தனீ? எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" அது கசெட்டில் தெளிவாக ஏறிவிட்டது.

இவர் வீட்டில் இரண்டு வீசீஆரை வைத்து, அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டு, ஒரு தேவாரத்தைப் போட்டார். அண்ணை வந்து பார்த்தார். அந்தப் பெண் வாய் திறந்து திறந்து மூடுகிறாள், கேட்பது தேவாரம். அண்ணை எழும்பி ரீவியை நிற்பாட்டினார்.

"ஐசே, நீர் மறைக்கிறீர்" என்றார்.

அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். வழக்கமாக இவர் அவருக்குச் சொல்கிற வசனம்.

"தாய்க்கு உது தெரியத் தேவையில்லை" என்றார் இவர்.

"தாய்க்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரிய வேணும்? அவன் என்னத்தால செத்தவன் எண்டது அந்த மனுசியின்ர சொத்து. நீரும் நானும் ஆர் அதைப் பிடுங்க?"

"அவை இப்ப எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு ஒரு லொட்ஜ் அறையில கிடக்கினம். இதையும் குடுத்துக் கொல்லச் சொல்லுறீரோ?"

இருவருமே சரி என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. யாராவது ஒரு பக்கம் பிழையாக இருந்திருந்தால் அந்தச் சண்டை றொட்டி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

இவர் வெட்டிய கசெட்டை அனுப்பினார். அண்ணை ஒருவருக்கும் சொல்லாமல், தன்னிடமிருந்த வெட்டாத பிரதியை, கொழும்புக்குப் போகிற ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் தகப்பன் தொலைபேசி எடுத்தார். கசெட் உறையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம்தான் ஒட்டியிருந்தது. இவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் கிழவனின் குரல் கேட்டது. "தம்பி, உதை ஏன் அனுப்பினனீங்கள்? மனுசி மூண்டு நாளாத் தண்ணிகூடக் குடிக்கேல்லை. நீங்கள் உங்கட தாய்க்கு உப்பிடி அனுப்புவீங்களோ?" திட்டினார், அழுதார், திரும்பவும் திட்டினார். அனுப்பியது நானல்ல என்று இவர் ஒரு சொல் சொல்லவில்லை. "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு உடனே அண்ணையின் இலக்கத்தை அழுத்தினார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "நீங்கள் இனி எங்கட வீட்டுக்கு வரவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். 'நீங்கள்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் எனக்குக் கை நின்றது. கடையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற சொல், வங்கிக்காரனைக் கூப்பிடுகிற சொல். மரியாதையாலேயே ஒரு மனுசனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதன்பிறகு இவர் லைட்டை ஒரு ஸ்ராண்டில் பூட்டிக்கொண்டு தனியாகக் கலியாணங்களுக்குப் போனார். ஸ்ராண்ட் நகராது, மறைக்காது. கசெட்டுகள் சுத்தமாக வந்தன. ஒரு பெண் வீட்டாரும் முறைப்பாடு செய்யவில்லை. அண்ணை ஒஷாவாவுக்கு வீடு மாறிவிட்டார். அங்கே கார் உதிரிப்பாகம் செய்கிற இடத்தில் வேலை. கோயிலில், கலியாண வீட்டில் கண்டால், "எப்பிடி இருக்கிறீங்கள்?" "இருக்கிறம், நீங்கள்?" ஊர் உத்தியோகம் பார்க்கிற இரண்டு விதானைமார் பேசுகிற மாதிரி இருக்கும். பெண்சாதிமார் நாங்கள் மட்டும் தொலைபேசியில் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படியொரு நாள் அண்ணையின் பெண்சாதி அழுதுகொண்டு சொன்னா. அண்ணைக்கு வயிற்றில் புற்றுநோய். கையை மீறிவிட்டது. வெளியிலே எல்லோருக்கும் 'அல்சர்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எதையும் மறைக்கக் கூடாது என்று கத்திய மனுசனுக்கே இந்தக் கதி. நான் இவருக்கு உள்ளதைச் சொன்னேன். இவர் அறைக்குள் போய், சிக்கில்லாத வயர்களை எல்லாம் அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

"அவருக்கு என்னைப் பாக்க விருப்பமிராது."

விருப்பமில்லாதது யாருக்கு என்று எனக்குத் தெரியும். இவருக்குப் பயம். போனால் அழ வேண்டிவரும்.

அந்த மாரியில்தான், கேபிளில் வருகிற பிரெஞ்சுச் சனலில் அந்த ஆவணப்படத்தின் விளம்பரத்தைக் கண்டேன். குட்டையரும் நெட்டையரும், அவர்களுடைய சிநேகிதமும். இவரிடம் சொன்னேன். இவர் கசெட்டைப் போட்டுப் பதிவு செய்து வைத்துவிட்டு, அடுத்த நாள் வந்து பக்கத்தில் இருந்தார். "இஞ்சேரும், சொல்லும் என்ன கதைக்கினம் எண்டு." கீழே ஆங்கில எழுத்து இல்லை. வீட்டில் இருந்த ஒரே எழுத்து நான்தான்.

"அண்ணையையும் கூப்பிட்டால்தான் நான் வாய் திறப்பன்" என்றேன்.

இவர் முறைத்தார். ஒரு கிழமை தன்பாட்டில் அந்தக் கசெட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். இரண்டு வெள்ளைக்காரர் சிரிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், கை நீட்டிப் பேசுகிறார்கள். ஒரு மண்ணும் விளங்கவில்லை. கடைசியில், "கூப்பிடும். ஆனா நான் கதைக்க மாட்டன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணையின் சேட்டுக் கொலர் தனியாக நின்றது, கழுத்து தனியாக நின்றது. இவர் அவரைப் பார்க்காமல் அவருடைய ஜக்கெற்றை வாங்கி மாட்டினார். "இருங்கோ" என்றார். இரண்டு பேரும் ஒரே சோபாவின் இரண்டு முனையிலும் இருந்தார்கள். நடுவில் நான்.

படம் தொடங்கியது. இளம் வயதில் இருவரும் பாரிஸில் பட்டினி. இருவருக்கும் ஒரே ஓர் ஓவர்கோட். ஒருவர் போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போனால் மற்றவர் வீட்டில் போர்வைக்குள் கிடப்பார், வந்தவர் கதை சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல அண்ணை சத்தமில்லாமல் சிரித்தார். இவர்களும் ரொறன்ரோவின் முதல் குளிரில் ஒரே ஜக்கெற்றோடு இருந்தவர்கள். இவர் ரீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உவை ஒராளுக்கொராள் 'தூ' எண்டுதானே சொல்லுகினம்?" என்று அண்ணை கேட்டார். காது நல்ல காது.

தமிழ்க் காதுக்குத் 'தூ' என்றால் காறித் துப்புகிறது. பாரிஸில் கூட வேலை செய்த ஒருத்தி முதல்தரம் என்னைத் 'தூ' என்றபோது நானும் திடுக்கிட்டுத்தான் போனேன். பிறகுதான் தெரிந்தது, பிரெஞ்சில் அது நெருக்கமானவர்களைக் கூப்பிடுகிற சொல். தூரத்து ஆளுக்கு 'வூ'. அவர்களுக்கு இரண்டு படிதான். 'வூ'வுக்கு 'நீங்கள்' என்று போடலாம். 'தூ'வுக்கு 'நீ' போடுவதா 'நீர்' போடுவதா என்று நான் முதலே யோசித்து வைத்திருந்தேன். அந்த அறையில் 'நீ' சரிவராது. "ஓம் அண்ணை, அது 'நீர்'" என்றேன்.

அதன்பிறகு குட்டையரும் நெட்டையரும் எங்கள் வீட்டில் 'நீர்' என்று பேசத் தொடங்கினார்கள். "நீர் இந்தக் காட்சியை வெட்டும்." "ஏன் ஐசே வெட்ட வேணும்?" 'ஐசே' நான் போட்டது. பிரெஞ்சில் இல்லை. அண்ணை ரசித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது, இந்தப் பனிக்குள்ளே எதையோ பற்றவைத்துவிட்டேன் என்று.

பிறகு ஒரு மேடை. முடி நரைத்த இருவர், இரண்டு கதிரை, இரண்டு மைக். முன்னால் சனம். சண்டை வந்து பேச்சுக் குறைந்த காலம் அது. குட்டையர் மைக்கை எடுத்து நெட்டையரைப் பார்த்து ஏதோ சொன்னார், முன்வரிசைச் சனம் நெட்டையரைத் திரும்பிப் பார்த்தது. நான் அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"பெரிசா ஒண்டுமில்லை அண்ணை. உங்கட படத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை எண்டு சொல்லுறார்."

"உம்மட படம் எண்டோ, உங்கட படம் எண்டோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "உங்கட எண்டு. 'வூ' எண்டுதான் சொல்லுறார்."

அடுக்களையில் பிரஷர் குக்கர் ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது.

கடைசியில் நெட்டையர் செத்துப்போகிறார். மழைக்குள் ஒரு சவஅடக்கம், குடைகள், பெட்டி. பின்னால் ஒரு பெண்குரல் சொல்கிறது: இருவரும் அதன்பிறகு ஒருபோதும் பேசவில்லை. நான் படங்களின் முடிவை மட்டும் பார்த்துப் பழகியவள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. பக்கத்தில் உயிரோடு ஒரு மனுசன் இருக்கிறார், இன்னும் எவ்வளவு நாளென்று தெரியாது. நான் வாயில் வந்ததைச் சொன்னேன்: "கடைசிக் காலத்தில குட்டையர் ஆசுபத்திரிக்குப் போய்ப் பாத்தவராம். இரண்டு பேரும் கனநேரம் கதைச்சவையாம்." இன்றைக்கு அதே இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அண்ணை ரீவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமரா குடைகளுக்குக் கீழே இருந்த முகங்களில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்கள் சொல்லுறது நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். "ஆனா அந்தச் செத்தவீட்டில குட்டையரைக் காணேல்லையே."

பிறகு என்னைத் தாண்டி, சோபாவின் மறு முனையைப் பார்த்தார்.

"ஐசே, நீர் என்ரை செத்தவீட்டுக்கு வருவீரோ?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். கேட்ட விதத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. லைட்டை எங்கே பிடிக்க என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். சொல்லுங்கோ, ஒரு சொல், 'நீர்' என்று தொடங்கி ஏதாவது சொல்லுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். இவர் ரிமோட்டை எடுத்தார், எதையோ அழுத்தினார், படம் தாறுமாறாக ஓடியது.

"நீங்கள் கண்டபடி கதைக்காதேங்கோ" என்றார். "சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அந்த நிமிடம் சோற்றுப் பானையை இவருடைய தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அண்ணை தலையை ஆட்டினார். சாப்பிட்டார், சாப்பிட்டேன் என்று காட்டுவதற்காக. போகும்போது ஜக்கெற்றைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஆசுபத்திரி. வேலை முடிந்து பின்னேரங்களில் இவர்தான் என்னை ஒஷாவாவுக்குக் காரில் கொண்டுபோவார். மேலே வரமாட்டார். பார்க்கிங் பிரச்சினை என்பார். அங்கே பார்க்கிங்கில் காரைவிடப் பனிதான் கூட இருக்கும். நான் போனதும் அண்ணை கேட்பது, "ஆர் கொண்டந்து விட்டது?"

"இவர்தான். கீழ காருக்குள்ள இருக்கிறார்."

ஒரு நாள் அண்ணை யன்னல் பக்கம் கையைக் காட்டினார். மாரியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். "அந்த லைட்டைப் போட்டுவிடுங்கோ தங்கச்சி" என்றார். "கீழ இருந்து பாத்தால் எந்த அறையெண்டு தெரியட்டும்."

போட்டேன். திரும்பி வந்து காரில் ஏறியபோது இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த லைட் எரியிறதுதானே அறை?" என்றார். ஓம் என்றேன். அதன்பிறகு போன நாளெல்லாம் நான் உள்ளே நுழைந்ததும் அந்த லைட்டைத்தான் முதலில் போட்டேன். நாளைக்கு மேலே வாறன் என்று இவர் ஒரு நாள் சொன்னார். அந்த நாளை வருவதற்கு முன்னம் அண்ணை போய்விட்டார்.

அண்ணையின் தாய் கொழும்பில் இருந்தா. வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அங்கிருந்து கேட்டார்கள். அண்ணையின் பெண்சாதி இவரைக் கூப்பிட்டு, "நீங்கள் எடுக்காட்டி வேற ஆர் எடுக்கிறது?" என்றா. இவர் கமராவோடு போனார். லைட்டும் ஸ்ராண்டும் வீட்டிலேயே கிடந்தன. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். செத்தவீட்டில் இவர் அழவில்லை. முகத்திலிருந்து கமராவை எடுக்கவே இல்லை. வாய்க்கரிசி போடுகிற நேரத்திலும் கமராவுக்குப் பின்னால்தான் நின்றார்.

கசெட்டைப் பிறகு வீட்டில் போட்டுப் பார்த்தோம். சனம், மாலைகள், குழறல். கமரா பெட்டிக்குக் கிட்டப் போகிறது. பியூனரல் ஹோமின் மங்கல் வெளிச்சத்தில் அண்ணையின் முகத்தில் பாதி நிழல். அங்கே இவருடைய குரல் கேட்கிறது, பக்கத்தில் லைட்டோடு நிற்கிற ஆளுக்குச் சொல்கிற குரல், பழைய குரல்:

"ஐசே, முகம் தெரியேல்லை. நீர் லைட்டைக் கொஞ்சம் உயத்திப் பிடியும்."

சொல்லிவிட்டுக் கமரா காத்திருக்கிறது. கனநேரம் அப்படியே நிற்கிறது. வெளிச்சம் கூடவில்லை. பிறகு படம் நடுங்கத் தொடங்குகிறது.

நான் ரீவியை நிற்பாட்டினேன். இவர் இரண்டு வீசீஆருக்கும் முன்னால் நிலத்தில் இருந்தார். "இந்த இடத்தை என்ன செய்வம்?" என்று கேட்டேன். "தேவாரம் ஏதும் போடுவமோ?"

"வேண்டாம், விடும்" என்றார். "நான் அவரைத் திரும்பவும் 'நீர்' எண்டு கூப்பிட்டதுக்கு வேற சாட்சி இல்லை."

வெட்டாமல் பிரதி எடுத்து, தாய்க்கு அனுப்பினோம்.